தனி ஆவர்த்தனத்தின்போது கதவு சாத்தப்படும்

மயிலாப்பூரில் ஸ்ரீ நாதசுதாகர சபா என்று ஒன்று இருந்தது. அதன் காரியதரிசிக்குச் சங்கீதம் தெரிந்திருக்கக் கூடாது என்று விதி ஏதும் இல்லை. ஆனாலும் ஐம்பது வருஷமாக அந்தப் பதவிக்கு வந்தவர்கள் அப்படி ஒரு விதி இருப்பதாகவே நடந்துகொண்டார்கள். தொண்ணூற்றொன்பதில் வந்த பரத்வாஜ் கொஞ்சம் வேறு மாதிரி. அவருக்குச் சங்கீதம் தெரியாது, கம்ப்யூட்டர் தெரியும்.

நவராத்திரி முதல் நாள் அவர் மைக்கைப் பிடித்தார். இனிமேல் சபாவின் கச்சேரிகள் இன்டர்நெட் வழியாக உலகமெல்லாம் போகும், நம் குழந்தைகள் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்த இடத்திலிருந்தே மயிலாப்பூரைப் பார்க்கலாம் என்றார். மெட்ராஸிலிருந்து கிளம்பும் படம் அங்கே போய்ச் சேர சில நாள் ஒரு நிமிஷம் ஆகும், சில நாள் ஒரு மணி நேரமும் ஆகும், ஆனால் போய்ச் சேர்ந்துவிடும். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பிள்ளையோ பெண்ணோ கடலுக்கு அப்பால் இருந்தார்கள். அதனால் அன்று வித்வானுக்குக் கிடைத்ததைவிடப் பரத்வாஜுக்கு அதிகக் கைத்தட்டல் கிடைத்தது.

நான்காம் வரிசையில், நடைபாதை ஓரத்து நாற்காலியில் இருந்த வெங்கடரமணனும் தட்டினார். நெடுஞ்சாலைத் துறையில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். மனைவி ஜெயலக்ஷ்மி போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஒரே பெண் மதுவந்தி, புருஷனோடும் குழந்தை அனன்யாவோடும் கனெக்டிகட்டில் இருந்தாள். வெங்கடரமணனுக்குச் சங்கீதத்தில் ஆசை உண்டு, தாளம்தான் கிடையாது. எந்தத் தாளமானாலும் அவர் கை ஒரு தட்டு தாமதமாகத்தான் வந்து சேரும். ஜெயலக்ஷ்மி இருந்தவரை பக்கத்து நாற்காலியிலிருந்து அவர் கையை அழுத்திப் பிடித்துக்கொள்வாள். சின்ன வயதில் பாட்டு கற்றுக்கொண்ட மதுவந்தி இதற்கு அப்பா தாளம் என்று பெயரே வைத்திருந்தாள்.

கொஞ்ச நாளாக மாடிப்படி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்கியது. அடையாறு டாக்டர் பரிசோதித்துவிட்டு, இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது, தை மாதத்துக்குள் ஆபரேஷன் செய்துவிட வேண்டும், பெண்ணை வரச்சொல்லுங்கள் என்றார். வெங்கடரமணன் இதில் பாதியை மகளிடம் போனில் சொன்னார். மீதியை அவள் நேரில் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டார். தகப்பன்மார்கள் வழக்கம் அதுதான். பொங்கலுக்கு வர டிக்கெட் எடுத்திருந்தாள் அவள். ஆனால் வருஷம் இரண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் புத்தி பேதலித்துவிடும் என்று ஒரு பீதி கிளம்பியிருந்தது. அவள் ஆபீஸில் லீவு கொடுப்பேனா என்றார்கள்.

“லீவு கிடைக்கறது கஷ்டம்ப்பா. ஆனா உனக்கு உடம்பு துளி சரியில்லைன்னாலும் சொல்லு. வேலையே போனாலும் வந்துடறேன்” என்றாள் மதுவந்தி. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் இருந்தார்.

முதல் வில்லங்கம் தனி ஆவர்த்தனத்தில் வந்தது. கச்சேரியின் பெரிய உருப்படி முடிந்ததும் பாடகர் சோடா குடிக்க, மிருதங்கக்காரர் மட்டும் வாசிக்கும் பகுதி அது. அந்த நேரத்தில் எழுந்து கேன்டீனுக்குப் போவது மயிலாப்பூரின் தர்மம். அதில் மிருதங்கத்துக்கு அவமரியாதை ஒன்றும் இல்லை. பெற்ற பிள்ளை வாசித்தாலும் தகப்பனார் எழுந்து போய் ரவா தோசை சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார். ஆனால் வெளிநாட்டிலிருந்து மின்னஞ்சல்கள் குவிந்தன. மிருதங்கம் ஆரம்பித்ததும் அத்தனை பேரும் எழுந்து ஓடுகிறார்களே, என் கூட வேலை செய்யும் வெள்ளைக்காரர் ஹாலில் தீப்பிடித்துவிட்டதா என்று கேட்கிறார், எனக்குத் தலைகுனிவாக இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் இங்கே இருந்த காலத்தில் எல்லோருக்கும் முன்னால் ஓடியவர்.

மறுநாளே பலகை மாட்டினார்கள். தனி ஆவர்த்தனத்தின்போது கதவு சாத்தப்படும். பூட்டு வெளிப்பக்கம். தொண்டர்கள் என்ற பெயரில் கதவுக்கு இரண்டு பேர் நின்றார்கள். முதல் நாள் கேன்டீனிலிருந்து வெங்காய வாசனை கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தபோது, ஹாலில் இருந்த அத்தனை பேரும் வாழ்க்கையில் முதல் முறையாகத் தனி ஆவர்த்தனத்தைக் கேட்டார்கள். மிருதங்கக்காரருக்கே அது புது அனுபவம். எங்கே நிறுத்துவதென்று தெரியாமல் அவர் வாசித்துக்கொண்டே போனார்.

அடுத்தது அசைவு. படம் போகிற கம்பி மெல்லிசு, அதில் அசைவு அதிகமானால் படம் சதுரம் சதுரமாக உடைந்துவிடுகிறது என்று பரத்வாஜ் விளக்கினார். ஆகையால் தலையாட்டல் வேண்டாம். விசிறி வேண்டாம். ஜரிகைப் புடவையையும் கட்டம் போட்ட சட்டையையும் கம்பி தாங்காது, ஒற்றை நிற உடை போதும். தாளம் மட்டும் போடலாம், ஏனென்றால் வெளிநாட்டு நேயர்களுக்கு அது இல்லாவிட்டால் மயிலாப்பூர் மாதிரி இல்லையாம். ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி போட வேண்டும். அதற்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் பயிற்சி வைத்தார்கள். தாளம் நிற்காதவர்கள் கையைச் சால்வைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. பயிற்சியில் வெங்கடரமணனின் கையைப் பார்த்த தொண்டர் அவர் சால்வையை இழுத்து மூடிவிட்டுப் போனார்.

பாடகர்களுக்கும் சொல்லி அனுப்பினார்கள், வேகமான சங்கதிகள் வேண்டாமென்று. ஒரு பாடகி ஏன் என்று கேட்டாள். அவளை அப்புறம் கூப்பிடவில்லை.

இத்தனைக்கும் வெங்கடரமணன் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. காலையில் ஆபீஸ் வேலைக்கு நடுவே திரையின் மூலையில் சபாவைத் திறந்து வைத்துக்கொள்கிறேன், தீப்பெட்டி அளவுதான் படம், ஆனால் நான்காம் வரிசையில் உன் பழுப்புச் சால்வை தெரிகிறது என்று மதுவந்தி சொல்லியிருந்தாள். அதைக் கேட்டதிலிருந்து அவர் வேறு சால்வை போடுவதில்லை. வேறு நாற்காலியிலும் உட்கார்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துகொண்டிருந்த போன் மட்டும் வரவர இரண்டு வாரத்துக்கு ஒன்றாயிற்று. தினமும் பார்க்கிறவரிடம் போனில் கேட்க என்ன இருக்கிறது?

மார்கழி பிறந்தது. ஒரு சாயங்காலம் தனி ஆவர்த்தனத்தின் நடுவில் அவருக்கு நெஞ்சை யாரோ மிதிப்பதுபோல் வந்தது. கதவைப் பார்த்தார், சாத்தியிருந்தது. சால்வைக்குள்ளிருந்து கையை எடுத்து மெல்ல உயர்த்தினார். தொண்டர் குனிந்து வந்து, “அசையாதீங்கோ மாமா, கேமரா இந்தப் பக்கம் இருக்கு” என்றார். வெங்கடரமணன் ஊருக்கு அடங்கிய மனிதர். அசையவில்லை. தலை பின்னால் சாய்ந்தது அவருக்குத் தெரியாது. மங்களம் பாடி முடித்து கேமராவை அணைத்த பிறகுதான் அவரைப் பின்வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அடையாறு நர்சிங் ஹோமில் ஒரு வாரம் இருந்தார். இனி தை வரைக்கும்கூடத் தாங்காது, உடனே யாராவது வந்து பக்கத்தில் இருக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். டிஸ்சார்ஜ் ஆன சாயங்காலம் வீட்டுக்குக்கூடப் போகாமல், ஆட்டோவைக் கச்சேரி ரோட்டுக்கு விடச் சொன்னார். அங்கே ஷாஹுல் ஹமீது கடை வைத்திருந்தார். முதலில் ஜெராக்ஸ், பிறகு ஐ.எஸ்.டி. போன், இப்போது இரண்டு கம்ப்யூட்டரும் சேர்ந்திருந்தன. மதுவந்தியைக் கைக்குழந்தையாகத் தூக்கியவர் ஹமீது. லைன் கிடைக்கும்வரை உட்காரச் சொல்லிவிட்டு, வேடிக்கை காட்டுவதற்காகக் கம்ப்யூட்டரில் சபாவைத் திறந்து வைத்தார்.

தீப்பெட்டிப் படம் மேலிருந்து கீழாக வந்து நின்றது. மேடை. மூன்று வரிசை. நான்காம் வரிசையில் நடைபாதை ஓரம், வழுக்கைத் தலையும் பழுப்புச் சால்வையுமாக வெங்கடரமணன் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

ஹமீது படத்தைப் பார்த்தார். பக்கத்து ஸ்டூலில் இருந்தவரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“இன்னா மாமா இது. நீ இங்க குந்திக்கினு கீறே. அங்கயும் கீறே.”

வெங்கடரமணன் திரைக்குக் கிட்டே குனிந்தார். திரையில் இருந்தவர் அவரைவிட நன்றாக இருந்தார். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், மூச்சு வாங்கவில்லை. அதற்குள் லைன் கிடைத்துவிட்டது. அவர் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார், இந்த முறை பாதியை ஒளிக்காமல். நெஞ்சுவலி வந்ததையும், ஒரு வாரம் படுத்திருந்ததையும், டாக்டர் சொன்னதையும் சொல்லி, உடனே கிளம்பி வா என்றார். மதுவந்தி குழந்தையிடம் பேசுவதுபோல் பேசினாள்.

“அப்பா, ஒரு வாரமா உன்னை நான் தினம் பாத்துண்டிருக்கேன். அன்னிக்குத் தனில கண்ணை மூடிண்டு, தலையைச் சாய்ச்சுண்டு அப்படியே லயிச்சுப்போயிட்டே. அனன்யா, தாத்தா தியானம் பண்றார்ன்னா. இதோ, இப்பக்கூட நாலாவது வரிசைல உக்காந்துண்டிருக்கே.”

“நான் பாய் கடைலேர்ந்து பேசறேன், மது.”

“தெரியும்ப்பா. நெட்ல லேட்டாத்தானே வரும். என்னை வரவழைக்கணும்னு உடம்பைப் பத்தி இப்படியெல்லாம் சொல்லாதே. நீ ஜம்முனு இருக்கே. தாளம்கூட இப்பல்லாம் தப்பாமப் போடறே. அம்மா இருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பா.” டிக்கெட்டை ரத்து செய்துவிட்டதாகவும், மார்ச் கடைசியில் கட்டாயம் வருவதாகவும் சொன்னாள். ஹமீது ரிசீவரை வாங்கி, அம்மா, சார் சொல்றது நெஜம் என்று சத்தியம் செய்து பார்த்தார். அப்பாவைத் தனியாக விடாமல் துணைக்கு இருக்கிறீர்களே என்று அவருக்கு அவள் நன்றி சொன்னாள்.

டாக்டரைப் பேச வைக்கலாமா என்று வெங்கடரமணன் கேட்டார். ஹமீது வேண்டாமென்று தலையை ஆட்டினார். “பாப்பா கண்ணால பாத்துக்கினு கீதே மாமா. டாக்டர் பேசினா டாக்டரத்தான் சந்தேகப்படும். மொதல்ல உன் சேர்ல குந்தியிருக்கற அந்தாள எழுப்பு. அவன் எழுந்தா பாப்பா வரும்.”

மறுநாள் சாயங்காலம் சபா வாசலில் வெங்கடரமணனைத் தொண்டர்கள் நிறுத்தினார்கள். நான்காம் வரிசை மாமா ஏற்கெனவே உள்ளே போயாயிற்று என்றார்கள். நான்தான் அந்த மாமா என்றார் இவர். அவர்கள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்து, இல்லை, அவர் இருக்கிறார் என்று மரியாதையாகச் சொன்னார்கள். சத்தம் கேட்டுப் பரத்வாஜே வெளியே வந்தார். வெங்கடரமணனைப் பார்த்ததும் அவர் முகத்தில் குற்ற உணர்ச்சி தெரியும் என்று நினைத்தால் அது நம் தப்பு. தொலைந்துபோன குடை கிடைத்ததுபோல் மலர்ந்து, ஆபீஸ் அறைக்குள் கூட்டிப்போய் உட்கார வைத்தார்.

“சௌக்கியமாயிட்டேளா? ரொம்ப சந்தோஷம். நீங்க இல்லாத அன்னிக்கே மூணு நாட்டுலேர்ந்து மெயில் வந்துடுத்து, நாலாவது வரிசைல பல்லு விழுந்தாப்ல இருக்கேன்னு. காலி நாற்காலி எத்தனை பேரைக் கலவரப்படுத்தறது தெரியுமா? ஒருத்தர் அப்பா காணாமப் போனா மத்தவாளும் அவாவா அப்பாவைப் பத்திக் கவலைப்பட ஆரம்பிச்சுடுவா. அப்புறம் லீவு போடுவா, டிக்கெட் எடுப்பா, கிளம்பி வந்துடுவா. வந்துட்டா நம்ம ஒளிபரப்பை யார் பாக்கறது?”

என் பெண் வர வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியது என்றார் வெங்கடரமணன். நான் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தேன் என்று அவளுக்கு நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும் என்று கெஞ்சினார். பரத்வாஜ் வருத்தத்தோடு உதட்டைப் பிதுக்கினார். ஒருத்தருக்கு எழுதினால் அத்தனை பேரும் சந்தேகப்படுவார்கள் என்றார். மூன்றாம் வரிசையில் அசல் ஆட்கள் இப்போது இரண்டே பேர்தான் என்று ஏதோ சாதனையைச் சொல்வதுபோல் சொன்னார்.

“கனகவல்லி மாமியை ஞாபகம் இருக்கோல்லியோ? ஐப்பசிலயே போயிட்டா. பிள்ளை சிகாகோலேர்ந்து வந்து காரியமெல்லாம் பண்ணிட்டுத்தான் போனான். போய்ட்டு எனக்கு எழுதறான், சார், அம்மா நாற்காலில யாரையாவது உக்காத்தி வைங்கோ, கார்த்தாலே பாத்துட்டு வேலைக்குப் போனாத்தான் எனக்கு நன்னா இருக்குன்னு. இப்ப தினம் பாக்கறான். இதைவிட ஒரு சபா என்ன சேவை பண்ணிட முடியும், சொல்லுங்கோ.”

கனகவல்லி மாமியோடு நேற்றுக்கூடத் திரையில் சேர்ந்து உட்கார்ந்திருந்தோமே என்ற நினைப்பு வெங்கடரமணனுக்கு வந்தது.

உங்களை அப்படியே அனுப்ப மனசில்லை என்று பரத்வாஜ் ஒரு வழி சொன்னார். ஐந்தாம் வரிசையில் நடைபாதை ஓரத்து மாமா பிள்ளையிடம் சொல்லாமல் காசிக்குப் போய்விட்டார். பிள்ளை டெக்ஸாஸில் இருக்கிறான், மாதக்கணக்கில் பார்க்கிறவன். கறுப்பு ஃபிரேம் கண்ணாடியும் மஃப்ளரும் போட்டுக்கொண்டால் வெங்கடரமணன் அந்த இடத்துக்குப் பொருந்துவார். சொல்லிக்கொண்டே மேஜை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே கண்ணாடிகளும் மஃப்ளர்களும் ஒரு விபூதி சம்புடமும் ஒரு வெள்ளை சவுரியும் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

எழுந்து போய்விட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. உடனே இன்னொன்று தோன்றியது. ஐந்தாம் வரிசை ஓரம் என்றால், அந்த ஆளுக்கு நேர் பின்னால். ஒரே படத்தில் இரண்டு பேரும் இருப்போம். பெற்ற பெண்ணுக்கு எது அப்பா என்று தெரியாமலா போகும்? தெரிவதற்கு அவரிடம் ஒரு வழியும் இருந்தது. உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத வழி. அவர் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

ஹாலில் விசிறிகள் ஓடவில்லை. ஒற்றை நிற உடைகளில் ஜனங்கள் நேரே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் உட்காரும்போது யாரும் திரும்பவில்லை. முன் நாற்காலியில் அவருடைய பழுப்புச் சால்வையைப் போலவே ஒரு சால்வை. கச்சேரி ஆரம்பித்ததும் வெங்கடரமணன் மஃப்ளரைத் தளர்த்திவிட்டு, கையை முன் நாற்காலி முதுகுக்கு மேலே தூக்கி, கேமராவுக்குத் தெரியும்படி தாளம் போடத் தொடங்கினார். ஒரு தட்டு தாமதம். மறுபடியும் ஒரு தட்டு தாமதம். ஹால் முழுக்க ஒரே கையாக இறங்கிய பிறகு அவர் கை மட்டும் தனியாக இறங்கியது. பார், மது, பார் என்று ஒவ்வொரு தட்டுக்கும் மனசுக்குள் சொன்னார். மூச்சு வாங்கியது. விடவில்லை. தொண்டர்கள் பல்லைக் கடித்தபடி சுவரோரம் நின்றார்கள். இவரை அடக்க வந்தால் அவர்கள் அசைவும் படத்தில் விழுமே.

முன்னால் இருந்தவர் கொஞ்ச நேரம் கழித்து உதடு அசையாமல் பேசினார். “சார், நீங்கதான் இந்த சீட்டா? எம்பேரு துலுக்காணம். பட்டினப்பாக்கம். முட்டி மரத்துப் போச்சு சார், எழுந்துக்க வுட மாட்டேன்றாங்க.” வெங்கடரமணன் அவரை எழுந்துவிடச் சொல்லிக் கேட்டார். கதவை எங்க சார் தொறக்கறாங்க என்றார் துலுக்காணம். அவர் கை தாளம் தப்பாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

பெரிய உருப்படி முடிந்தது. தனிக்கு முன்னால் அன்று வந்த மின்னஞ்சல்களைப் படிப்பது வழக்கம். பரத்வாஜ் மேடை ஓரத்துக்கு வந்து, இப்போதுதான் வந்தது, கனெக்டிகட்டிலிருந்து ஸ்ரீமதி மதுவந்தி எழுதுகிறார் என்றார். வெங்கடரமணனின் கை அந்தரத்தில் நின்றது. பார்த்துவிட்டாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. என் பெண் என்னைப் பார்த்துவிட்டாள்.

பரத்வாஜ் நிறுத்தி நிறுத்தித் தமிழில் படித்தார்.

“ஒளிபரப்பு பிரமாதமாக இருக்கிறது. ஒரே ஒரு குறை. ஐந்தாம் வரிசையில் ஒரு பெரியவர் தாளத்தைத் தப்பாகப் போட்டுக்கொண்டே இருக்கிறார். படமும் உடைகிறது. அவருக்கு நேர் முன்னால் உட்கார்ந்திருப்பவர் என் அப்பா. உடம்பு சரியில்லாதவர், பாவம், அவருக்கு எவ்வளவு தொந்தரவாக இருக்கும். தயவுசெய்து ஏதாவது செய்யுங்கள்.”

உடனே ஆவன செய்யப்படும் என்று கேமராவைப் பார்த்துக் கைகூப்பினார் பரத்வாஜ். கேமரா மேடைப் பக்கம் திரும்பிய ஒரு நிமிஷத்தில் இரண்டு தொண்டர்கள் வந்து, ஒருவர் வெங்கடரமணனின் பக்கத்து நாற்காலியிலும் இன்னொருவர் நடைபாதைத் தரையிலும் உட்கார்ந்தார்கள். ஒருவர் அவர் கையை எடுத்துத் தொடையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஜெயலக்ஷ்மி பிடித்துக்கொள்ளும் அந்த இடத்தை அந்தக் கைக்குத் தெரியும்.

“உங்க பொண்ணா சார்?” என்றார் துலுக்காணம், திரும்பாமல். “அப்பா மேல ரொம்பப் பாசம்.”

பின்னால் கதவைச் சாத்திப் பூட்டுகிற சத்தம் கேட்டது. மிருதங்கக்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். வெளிநாட்டு நேயர்களின் விருப்பத்துக்கு இணங்க இன்று தனி ஆவர்த்தனம் வழக்கத்தைவிட நீளமாக இருக்கும் என்று பரத்வாஜ் அறிவித்தார்.